நியூட்ரலில் போட்டால் போதாது: ஃபோர் வீல் டிரைவ் வண்டியை டாலியில் இழுத்த பதிவு

டோ டாலி என்பது இரண்டே சக்கரம் உள்ள சின்ன ட்ரெய்லர். காரின் முன் சக்கரங்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பின் சக்கரங்கள் தரையில் உருண்டு வரும். முன் சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுழற்றும் கார் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. பின்னால் உருள்வது வெறும் சக்கரமும் பேரிங்கும்தான். ஃபோர் வீல் டிரைவில் அப்படி இல்லை. பின் சக்கரத்தோடு டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டி), ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (அதற்குச் சுழற்சி கொண்டுபோகும் நீளத் தண்டு), ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), சில நேரம் கியர்பாக்ஸின் பின்பாதி வரைக்கும் சேர்ந்து சுற்றும். எஞ்சின் மட்டும் சுற்றாது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என்னுடையது தனிச் சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் பழைய பாணிக் குட்டி வண்டி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி லீவர் உண்டு: டூ-எச் (பின் சக்கரங்கள் மட்டும்), ஃபோர்-எச் (நான்கு சக்கரமும், சாதாரண வேகம்), நியூட்ரல், ஃபோர்-எல் (நான்கு சக்கரமும், மெதுவான கியர்). எஞ்சின் சூடேறும் கோளாறு. ஏற்றி இறக்கும் அளவுக்கு ஓட்டலாம், அதற்கு மேல் ஓட்டினால் தண்ணீர் கொதித்துவிடும். முழு ட்ரெய்லர் கிடைக்கவில்லை, டாலி கிடைத்தது. அதனால் இதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "டூ-எச்-ல போட்டு, கியரை நியூட்ரல்ல விட்டு இழு" என்றார் ஒருவர். டூ-எச் என்றால் முன் அச்சு துண்டிக்கப்பட்டிருக்கும், பின் அச்சு நேராகக் கியர்பாக்ஸோடு சேர்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 235/75 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு சுமார் 580 சுற்று சுற்றும். பின் அச்சின் பல் விகிதம் 4.1 என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். அதே வேகத்தில் கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்டும் ஓடும். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருந்தால் பம்ப் இல்லை, பம்ப் இல்லாவிட்டால் புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய் போகாது. கொஞ்ச தூரத்துக்கு மெதுவாக இழுத்தால் தப்பிக்கலாம். நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக இழுத்தால் கியர்பாக்ஸை வழியிலேயே காய்ச்சி எடுத்துவிடலாம்.

அடுத்த யோசனை கேட்க நியாயமாக இருந்தது. "ட்ரான்ஸ்ஃபர் கேஸையே நியூட்ரல்ல போட்டுடு. அப்போ கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லையே?" கியர்பாக்ஸைப் பொறுத்தவரை இது சரி. பெரிய மோட்டார் ஹோம்களுக்குப் பின்னால் ஜீப்புகளை நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுத்துப் போகிறார்களே, அது இந்த முறையில்தான். ஆனால் ஜீப் ராங்லரின் கையேட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நான்கு சக்கரமும் தரையில் இருந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு இழுக்கலாம். ட்ரெய்லரில் முழுதாக ஏற்றினாலும் சரி. டாலிக்கு மட்டும் அனுமதி இல்லை, முன்பக்கம் தூக்கினாலும் இல்லை, பின்பக்கம் தூக்கினாலும் இல்லை. நான்கும் உருளலாம், இரண்டு மட்டும் உருளக் கூடாதாம். ஏன்?

விடை ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கிறது. லீவர் வரிசையில் நியூட்ரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ஃபோர்-எச்சுக்கும் ஃபோர்-எல்லுக்கும் நடுவில். இந்த வகைக் கேஸ்கள் பலவற்றில் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவரும்போது கியர்பாக்ஸிலிருந்து வரும் இணைப்புதான் விடுபடுகிறது. முன் அச்சையும் பின் அச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கும் காலர் ஃபோர் வீல் நிலையிலேயே நிற்கிறது. அதாவது பின் ஷாஃப்ட் சுற்றினால் முன் ஷாஃப்டும் சுற்றியாக வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் உருளும், பிரச்சினை இல்லை. டாலியிலோ முன் சக்கரங்களைப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறோம். பின் சக்கரம் உருள, அந்தச் சுழற்சி கேஸுக்குள் இருக்கும் சங்கிலி வழியாக முன் ஷாஃப்டுக்கு வந்து, கட்டிவைத்த முன் சக்கரத்தைச் சுற்றப் பார்க்கும். ஒன்று பின் டயர் இழுபட்டுத் தேயும், இல்லை உள்ளே ஏதாவது உடையும், இல்லை பட்டை அறுந்து கார் டாலியிலிருந்து தானே இறங்கி வரும். மூன்றில் எது நடந்தாலும் சாலையில் நமக்குப் பின்னால் நடக்கும்.

இதைக் காகிதத்தில் நம்புவதைவிடக் கையால் பார்த்துவிடுவது நல்லது. சமதளமான சிமென்ட் தரையில், காரின் ஒரே பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்தேன். மறுபக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால்தான் பின் சக்கரம் சுற்றும் என்பதால் இந்த நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டைகள் மட்டுமே. கட்டையில் கஞ்சத்தனம் கூடாது. கியர் பார்க், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல். உதவிக்கு வந்த தம்பி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நான் பின் சக்கரத்தைக் கையால் தள்ளினேன்.

"அண்ணே, லீவர் நியூட்ரல்லதானே இருக்கு?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு முன்னாடி வீல் சுத்துது?"

அதற்குமேல் விவாதமில்லை. லீவரை டூ-எச்சுக்கு மாற்றினால் முன் சக்கரம் நின்றது, பின் சக்கரம் பார்க்கில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. நியூட்ரலில் இரண்டும் ஜோடியாகச் சுற்றின. முன் ஹப்பைக் கையால் திருப்பி விடுவிக்கும் வசதியுள்ள வண்டிகளில் முன் ஷாஃப்ட் மட்டும் வெறுமனே சுற்றும், சக்கரம் வரை வராது. அங்கே நியூட்ரல் வழி ஓரளவு சாத்தியம். அப்போதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் உள் எண்ணெய்ப் பம்பை எந்த ஷாஃப்ட் ஓட்டுகிறது என்பதையும் கையேடு சம்மதிக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். என் வண்டியில் அந்த ஹப் கிடையாது.

மூன்றாவது யோசனை, பின்பக்கத்தை டாலியில் ஏற்றி முன் சக்கரத்தில் உருட்டிப் போவது. இதை நான் கொஞ்ச நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என் வண்டியில் முன் அச்சும் ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்ந்தே சுற்றும், அது ஒன்று. எஞ்சின் கனம் டாலிக்குப் பின்னால் தொங்கும், கொக்கிமேல் அழுத்தம் குறைந்து வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். முன் சக்கரங்கள் நேராக நிற்பதற்கு ஸ்டீயரிங் பூட்டை நம்ப வேண்டும், அந்தப் பூட்டு திருடனைத் தடுக்க வைத்தது, சாலையில் சக்கரத்தைப் பிடிக்க வைத்தது அல்ல. போதும்.

இங்கே ஆல் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லீவரே இல்லாமல் எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டிகளில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். முன் சக்கரம் நிற்க, பின் சக்கரம் உருண்டால், வளைவில் சின்னச் சின்ன வித்தியாசத்தை ஈடுகட்ட மட்டுமே செய்த அந்த நடுப் பற்சக்கரங்கள் விடாமல் அதிவேகத்தில் சுற்றும். கியரை பார்க்கில் போட்டால் இன்னும் மோசம், முன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும். நடுவில் விஸ்கஸ் கப்ளிங் இருந்தால், வேக வித்தியாசத்தில் உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் சூடாகி இறுகும், இறுகியதும் முன்னையும் பின்னையும் பூட்டிவிடும். மேலே சொன்ன அதே நிலைமை. முன் சக்கரத்தை எஞ்சின் ஓட்டி, தேவைப்படும்போது மட்டும் எலக்ட்ரானிக் கிளட்ச் மூலம் பின் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும் கார்களில் ஷாஃப்ட் ஏதோ வெறுமனே சுற்றுவதுபோல் தோன்றும், ஆனால் பல கையேடுகள் அதற்கும் தடை போட்டிருக்கின்றன. இந்த ரகங்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே போகும் ட்ரெய்லர் அல்லது ஃபிளாட்பெட். பின் ஷாஃப்டைக் கழற்றி ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கையேடு சொன்னால் செய்யுங்கள்.

என் வண்டிக்கு மிச்சமிருந்த ஒரே வழி பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுவது. கழற்றிவிட்டால் பின் சக்கரத்தோடு சுற்றுவது டிஃபரன்ஷியல் மட்டும்தான். அதற்குப் பம்ப் தேவையில்லை, உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் சக்கரம் எண்ணெயில் மூழ்கி வாரியடித்துத் தனக்குத் தானே பூசிக்கொள்ளும். எண்ணெய் மட்டம் சரியாக இருந்தால் போதும். அதையும் நிரப்பும் துளையைத் திறந்து விரல் விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஷாஃப்டைத் தொடுவதற்கு முன் டாலியைப் பார்த்தேன். டாலியின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: ஏற்றக்கூடிய காரின் எடை, இரண்டு டயருக்கும் இடையே உள்ள அகலம். ஃபோர் வீல் டிரைவ்காரர்கள் இரண்டிலுமே மாட்டுவார்கள். பல டாலிகள் நடுத்தரக் காருக்கென்று செய்தவை, இரண்டு டன்னைத் தாண்டும் பெரிய வண்டியை அவை தாங்காது. எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், இரும்பு பம்பர், வின்ச், கூரை ரேக் என்று சேர்த்ததெல்லாம் பதிவுப் புத்தகத்தில் இருக்காது. இன்னொன்று அகலம். சேற்று டயர் போட்ட வண்டி டாலித் தட்டில் முழுசாக உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கும், டயருக்கு மேல் போடும் பட்டை வலையும் எட்டாது. எட்டாத பட்டையை எப்படியாவது இழுத்து மாட்டுவது என்பது வேலைக்கு ஆகாது.

இழுக்கும் வண்டியின் வரம்பில் காரின் எடையோடு டாலியின் எடையும் சேரும். டாலி மட்டுமே 250 கிலோவுக்கு மேல் இருப்பது சகஜம். இழுக்கும் வண்டி இழுபடும் வண்டியைவிட நன்றாகக் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் பிரேக் போடும்போது வால் தலையைத் தள்ளும். இழுபடும் காரின் டிக்கியில் சாமான் அடைக்கக் கூடாது. பின்னால் கனம் ஏற ஏறக் கொக்கிமேல் உள்ள அழுத்தம் குறையும்.

டோ பால், அதாவது இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இரும்பு உருண்டை, அந்த விஷயத்தில் ஒரு கண் வையுங்கள். உலகில் 50 மி.மீ. பாலும் உண்டு, 2 அங்குலப் பாலும் உண்டு, அதாவது 50.8 மி.மீ. போதாக்குறைக்கு 1⅞ அங்குலமும் உண்டு, 47.6 மி.மீ. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சின்னப் பால்மேல் பெரிய கப்ளர் (உருண்டையைக் கவ்வும் டாலியின் முனை) உட்காரும், பூட்டும்கூட, ஒரு பள்ளத்தில் விழுந்ததும் எகிறிவிடும். பாலின் தலையிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும், இரண்டையும் படித்துவிட்டு மாட்டுங்கள். மாட்டிப் பூட்டிய பின் டாலியின் ஜாக்கியைச் சுற்றி இழுக்கும் வண்டியின் பின்புறத்தையே கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன். வண்டி எழும்பினால் கப்ளர் பிடித்திருக்கிறது. பாலை விட்டுக் கழன்றால் பூட்டவே இல்லை என்று அர்த்தம். காப்புச் சங்கிலி இரண்டையும் டாலியின் நாக்கின் (முன்னால் நீளும் கம்பியின்) அடியில் குறுக்காகப் போட வேண்டும். கொக்கி கழன்றாலும் நாக்கு தரையில் குத்தாமல் அந்தப் பின்னலில் தங்கும். திரும்பும்போது இழுபடாத அளவு தொய்வு, தரையில் உரசாத அளவு உயரம்.

டாலியின் சக்கரப் பேரிங் பெரும்பாலும் மாதக்கணக்கில் நின்றே கிடந்திருக்கும். கிரீஸ் வைத்தேன், சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் பார்த்தேன், டயர் காற்றைப் பக்கச்சுவரில் எழுதியதற்கு நிரப்பினேன். டயரின் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டாலி டயர் தேய்வதைவிட வயதாகி வெடிப்பதுதான் அதிகம்.

ஏற்றும்போது இழுக்கும் வண்டியும் டாலியும் காரும் ஒரே நேர்கோட்டில் சமதளத்தில் நின்றன. தம்பி முன்னால் நின்று கை காட்ட, ஊர்ந்து ஏறித் தட்டின் முன் தடுப்பில் டயர் தொட்டதும் நிறுத்தினேன். பார்க், ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. டயர் பட்டைகளை இடம், வலம் என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கார் கோணலாக உட்காரும். டயர் பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கும்வரை ராட்செட்டை அடித்தேன். பட்டை டயர் நடுவில் ஓட வேண்டும், பிரேக் ஹோஸிலோ கூர்மையான விளிம்பிலோ உரசக் கூடாது. பட்டைக்கு மேலாக, டாலியிலிருந்து காரின் சேஸிஸுக்கு ஒரு காப்புச் சங்கிலி. என்னுடைய டாலியில் தட்டு தானே சுழன்று திரும்பும், ஆகவே காரின் ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டேன். தட்டு சுழலாத ரகத்தில் ஸ்டீயரிங் விஷயம் வேறு, அந்த டாலியின் கையேட்டில் சொன்னபடி விட வேண்டும்.

இப்போது ஷாஃப்ட். முதலில் ஒரு எச்சரிக்கை, இதைத் தவறவிட்டால் ஆள் போய்விடும். பின் ஷாஃப்ட் கழன்ற நொடியில் கியர் பார்க்குக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். வண்டி சரிவில் இருந்தால், நீங்கள் அடியில் படுத்திருக்கும்போதே நகரும். என் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில் இருக்கிறது, அதனால் அது பிடித்திருக்கும். பழைய ஜீப்புகளிலும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் ஹேண்ட் பிரேக் டிரம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் கூடவே போய்விடும், லீவரை எவ்வளவு இழுத்தாலும் சக்கரத்துக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் எது என்று கீழே படுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் கட்டைதான் முதல் காவல்.

முந்தின இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். டிஃபரன்ஷியல் பக்கத்துப் ஃபிளாஞ்சில் (ஷாஃப்டைப் பிடிக்கும் வட்டத் தகட்டில்) நான்கு போல்ட், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில் நான்கு. கம்பி பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டி, இரண்டு முனையிலும் ஃபிளாஞ்சையும் ஷாஃப்டையும் சேர்த்து ஒரே கோடாக வெள்ளைப் பெயின்ட் போட்டேன். ஷாஃப்ட் பழைய இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தால்தான் சமநிலை குலையாது. அரைச் சுற்று மாற்றி மாட்டினாலும் வேகத்தில் உதறல் வரலாம், அதன் காரணத்தைத் தேடி நாள்கணக்காக அலைய வேண்டியிருக்கும்.

போல்ட் தலைக்கு ஸ்பேனர் சும்மா போய் உட்காராது. யூ ஜாயின்ட்டின், அதாவது ஷாஃப்ட் மடிந்தபடியே சுற்ற உதவும் மூட்டின், காது இடிக்கும். ராட்செட்டுக்கு இடமில்லை, 14 மி.மீ. ரிங் ஸ்பேனரைச் சாய்த்து நுழைத்து, அதன் வாலில் இன்னொரு ஸ்பேனரைக் கோத்து நெம்புகோலாக்கி இளக்கினேன். கீழே இருக்கும் இரண்டு கைக்கு வரும். மேலே உள்ள இரண்டுக்கு ஷாஃப்டை அரைச் சுற்று திருப்ப வேண்டும். ஆனால் ஷாஃப்டைத் திருப்ப வண்டி உருள வேண்டும். அதனால் கட்டைகளை நம்பி, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கியரை நியூட்ரலுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸை டூ-எச்சுக்கும் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத் தூக்கிய சக்கரத்தைச் சுமார் கால் சுற்று சுற்றினேன். தரையில் நிற்கும் சக்கரம் அசையாது என்பதால் ஷாஃப்ட் பல் விகிதத்தில் பாதி அளவுக்குத்தான் திரும்பும், 4.1 என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு சுற்று, பொறுமையாகப் பார்த்து நிறுத்த வேண்டும். திரும்பியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைப் பார்க்கில் போட்டு, மற்ற இரண்டையும் இளக்கினேன். எல்லாம் இளகிய பிறகே ஒவ்வொன்றாகக் கழற்றுவது வழக்கம்.

கடைசி போல்ட்டை எடுக்கும்போது தம்பி ஷாஃப்டைக் கையால் தாங்கிப் பிடித்தான். ஒரு முனை கழன்று மறு முனையில் தொங்கவிட்டால் அங்குள்ள யூ ஜாயின்ட் தன் எல்லையைத் தாண்டி மடங்கிக் கெட்டுவிடும். ஃபிளாஞ்ச் இல்லாமல், யூ ஜாயின்ட் முனைகளில் உள்ள பேரிங் கப்பை யூ போல்ட் பிடித்திருக்கும் அமைப்பு என்றால் கழற்றிய கையோடு நாலு கப்பையும் டேப் சுற்றிவிடுங்கள். கப் கீழே விழுந்து ஊசி பேரிங் மண்ணில் சிதறினால் பொறுக்கித் தீராது. என் ஷாஃப்டில் நீளம் மாறுவதற்கான ஸ்லிப் நடுவிலேயே இருக்கிறது, அதனால் எண்ணெய் சிந்தவில்லை. முன் முனை நேராக ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வாலுக்குள் நுழைந்திருக்கும் ரகமானால், உருவியதும் எண்ணெய் கொட்டும். அதற்கென்று மூடி கிடைக்கும், அதை அடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கழற்றிய ஷாஃப்டைத் துணியில் சுற்றி, போல்ட் நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, இரண்டையும் இழுக்கும் வண்டியில் வைத்தேன்.

ஷாஃப்ட் போனபின் ஒரு வசதி. ட்ரான்ஸ்ஃபர் கேஸை ஃபோர்-எச்சில் போட்டு, கியரைப் பார்க்கில் வைத்தால், கியர்பாக்ஸ் முன் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். டாலிமேல் பட்டைகளுக்கு அது ஒரு கூடுதல் துணை. இன்னொன்று, ஃபோர்-எச்சில் எஞ்சினை ஓட்டினால் முன் சக்கரத்தில் மட்டும் வண்டி ஊரும். வழியில் எங்காவது இறக்க நேர்ந்தால் தள்ள ஆள் தேட வேண்டாம். கிளம்புவதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும், இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் கழற்றும் வேலைக்காக அதை இழுத்து வைத்தவர்கள்தான் அதை மறப்பார்கள். சாவிக்கொத்தோடு ஒரு துண்டுச் சீட்டைக் கட்டிவைத்தேன். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள பல கார்கள் எஞ்சினை நிறுத்தியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும். அவற்றில் அதை விடுவித்தே வைக்கும் வழி கையேட்டில் இருக்கும், பேட்டரி செத்தபின் தேடக் கூடாது.

இழுபடும் காரின் பின்விளக்கு எரியாது, டாலியின் விளக்கைக் காரே மறைக்கும். அதனால் காந்தத்தில் ஒட்டும் விளக்குப் பலகையைக் காரின் பின்கதவில் ஒட்டி, வயரைக் காருக்குள் விட்டுக் கொண்டுவந்து இணைத்தேன். பிரேக், இடம், வலம், மூன்றையும் தம்பி பின்னால் நின்று பார்த்துச் சொன்னான். டாலியில் ஓவர்ரன் பிரேக் இருந்தது, இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டாலி முன்னே தள்ளும் அழுத்தத்திலேயே அதன் பிரேக் பிடிக்கும். சாலைக்கு வருமுன் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி அதையும் பிடித்துப் பார்த்தேன். பிரேக்கும் விளக்கும் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது இடத்துக்கு இடம் மாறும் சட்டம், உங்கள் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாலையில் முதல் சில கிலோமீட்டரிலேயே நிறுத்தி இறங்கிப் பாருங்கள். டயர் தட்டில் ஆழமாக உட்கார்ந்து பட்டை தளர்ந்திருக்கும். என்னுடையதிலும் இடது ராட்செட் இரண்டு பல் கூடுதலாக ஏறியது. டாலியின் ஹப்பையும் காரின் பின் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பேசுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு மணிக்கொருமுறை இதே சுற்று.

80 கி.மீ. அல்லது டாலித் தகட்டில் உள்ள வேகம், எது குறைவோ அதுதான் உச்சம். வால் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துத் தானே அடங்க விட வேண்டும். திருப்பத்தில் காரின் பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும், அகலமாக எடுங்கள். ரொம்ப இறுக்கித் திருப்பினால் டாலியின் மட்கார்டு காரின் பாடியில் இடிக்கும். ரிவர்ஸ் மட்டும் கிடையாது. கொக்கியில் ஒரு மூட்டு, தட்டில் ஒரு மூட்டு என்று இரண்டு இடத்தில் மடியும் ஒன்றைப் பின்னுக்குத் தள்ள எவ்வளவு பெரிய டிரைவராலும் ஆகாது. ஆகவே பெட்ரோல் பங்க்கில் நுழைவதற்கு முன்பே வெளியேறும் வழி எது என்று பார்த்துவிடுவேன். முன்னால் வெளியேற வழியில்லாத இடம் என்றால் நுழைவதில்லை. ஒரு டீக்கடையை இந்தக் காரணத்துக்காகவே ஏக்கத்தோடு விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

சேர்ந்ததும் அவசரப்பட்டு இறக்கவில்லை. முதலில் கட்டை, ஹேண்ட் பிரேக், பிறகு ஷாஃப்ட். கையில் எடுத்த ஷாஃப்டை மாட்டுவதற்கு முன் யூ ஜாயின்ட்டை நாலு பக்கமும் மடக்கிப் பார்த்தேன். முன் முனை வழுக்கிக்கொண்டு திரும்பியது. பின் முனை நடுவில் ஒரு இடத்தில் மட்டும் லேசாகக் கட்டி நின்று, பிறகு விட்டது. ஊசிகள் உள்ளே பள்ளம் போட்டிருக்கின்றன, நாளைக்கு உதறலாக வரப்போவது இது. ஷாஃப்ட் மேலே இருந்தால் இது தெரிந்திருக்காது. யூ ஜாயின்ட்டுக்குப் புது கிராஸ் (நடுவில் உள்ள சிலுவைத் துண்டு) வாங்கி அழுத்தி மாட்டி, நிப்பிளில் கிரீஸ் நான்கு முனையிலும் பிதுங்கும்வரை அடித்து, வெள்ளைக் கோடுகளைச் சேர்த்து, போல்ட்டுகளைப் புது லாக் நட்டு போட்டுக் கையேட்டில் சொன்ன டார்க்குக்குக் குறுக்கு வரிசையில் இறுக்கினேன். எஞ்சின் வேலை முடிந்து வண்டி ஓட ஆரம்பித்தபின் எட்டு போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். டிஃபரன்ஷியல் பக்கத்தில் ஒன்று மட்டும் சற்றே நகர்ந்தது.